இரண்டாவது லென்ஸ் எது?



நம் கல்லூரியில் கேமரா வைத்திருப்பவர்கள் இப்போது கொஞ்சம் பேர் இருக்கிறோம். பெரும்பாலும் பழசாக வாங்கியது, இல்லையென்றால் அண்ணனோ மாமாவோ கொடுத்தது. கேமரா கைக்கு வந்த மூன்றாம் மாதமே "அடுத்து எந்த லென்ஸ்டா வாங்கலாம்?" என்ற ஆசை வந்துவிடுகிறது. கடைக்காரரைக் கேட்டால் தன்னிடம் இருப்பதைத்தான் சொல்வார். ஒரு லென்ஸின் விலை என் வீட்டில் பல மாத மளிகைக் கணக்கு. ஆகவே ஆசையை நம்பாமல் கணக்கை நம்பி முடிவு செய்வது எப்படி என்று எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

2018-இல் வந்த கேனான் 1500டி-யை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அதோடு வரும் லென்ஸ் 18–55 மி.மீ., எஃப் 3.5–5.6. மி.மீ. என்பது குவியத்தூரம். 18-இல் மேடை முழுக்க வரும். 55-இல் ஓர் ஆளை மட்டும் நெருக்கமாக எடுக்கலாம். குவியத்தூரத்தை லென்ஸ் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் வருவது எஃப் எண். அப்படியானால் 55-இல் எஃப் 5.6 என்பது சுமார் 10 மி.மீ. துவாரம். 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸில் அது சுமார் 28 மி.மீ.! பைப்பின் விட்டம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்கு என்று படித்தோமே, அதே கதைதான். எஃப் 5.6-ஐவிட எஃப் 1.8-இல் 9 மடங்குக்கு மேல் வெளிச்சம் கிடைக்கும். எண் சிறிசானால் வெளிச்சம் பெரிசு.

முதல் லென்ஸில் நமக்கு வரும் குறை பெரும்பாலும் மூன்றுதான். தூரம் எட்டவில்லை, வெளிச்சம் போதவில்லை, அகலம் போதவில்லை. நம் குறை எது என்று நாம் எடுத்த படங்களையே கேட்கலாம். குவியத்தூரம், எஃப் எண், ஷட்டர் வேகம் மூன்றையும் ஒவ்வொரு படத்திலும் கேமரா எழுதி வைக்கிறது. கம்ப்யூட்டரில் படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' பார்த்தால் தெரியும்.

நான் கடைசி 200 படங்களை நோட்டில் கட்டம் போட்டு எண்ணினேன். 118 படங்கள் 55-இலேயே எடுத்தவை. "அப்படின்னா தூரத்து லென்ஸ்தானே வேணும்?" என்பீர்கள். அவசரம் வேண்டாம்! அவற்றில் பாதிக்கு மேல் மண்டபத்துக்குள் எடுத்தவை. ஷட்டர் வேகம் 1/15 நொடி. ஆள் சின்னதாகத் தெரியவில்லை, மாலை போடும் கைதான் கலங்கிப் போயிருந்தது. அதே வெளிச்சத்தில் எஃப் 1.8 இருந்தால் 1/125 நொடி கிடைக்கும். ஆக, எனக்கு வேண்டியது வெளிச்சம். அதனால் என் கணக்குக்கு 50 மி.மீ. எஃப் 1.8.

உங்கள் கணக்கு வேறாக வரலாம். மைதானம், பறவை, தேர் என்று பகல் வெளிச்சத்தில் தூரத்தில் இருப்பதை எடுப்பவருக்கு 55–250 மி.மீ. சரி. ஆனால் அதன் எஃப் எண் 4–5.6; மண்டபத்துக்குள் பழைய கஷ்டமே வரும். "அதுல ஸ்டெபிலைசர் இருக்கே" என்றால், அது நம் கை நடுக்கத்தைத்தான் அடக்கும். எதிரில் ஆடுபவரின் கையை அடக்காது. முதுகு சுவரில் முட்டியும் குடும்பம் முழுக்கப் படத்தில் வரவில்லை என்பவருக்கு 10–18 மி.மீ.

வாங்கும்போது மூன்றைக் கவனியுங்கள்:

1. 1500டி-யின் சென்சார் அகலம் 22.3 மி.மீ.; பழைய பிலிம் 36 மி.மீ. ஆகவே இதில் 50 மி.மீ. லென்ஸ், பிலிம் கேமராவில் 80 மி.மீ. பார்ப்பது போலப் பார்க்கும். ஜூமும் கிடையாது. சின்ன அறையில் குரூப் போட்டோவுக்கு 18–55 பையில் இருந்தே ஆக வேண்டும்.

2. நிக்கான் டி3500 போன்ற கேமராக்களின் உடலில் ஃபோகஸ் மோட்டார் இல்லை. பழைய ஏஎஃப்-டி லென்ஸ் பொருந்தும்; ஆனால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். ஏஎஃப்-எஸ் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

3. பழைய லென்ஸ் என்றால் பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை மாதிரி நூல் நூலாகத் தெரிந்தால் அது பூஞ்சை. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

கடைசியாகக் காசில்லாத ஒரு சோதனை. இருக்கும் லென்ஸையே 50-இல் நிறுத்தி, வளையத்தில் டேப் ஒட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அப்படியே எடுங்கள். சாயங்காலம் டேப்பைப் பிய்க்க வேண்டும் என்று கை பரபரக்கவில்லையென்றால் தாராளமாக 50 வாங்கலாம். பரபரத்தால் பணத்தை இன்னும் கொஞ்ச நாள் பத்திரமாக வைத்திருங்கள். விரலுக்கேத்த வீக்கம் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை!