சம்பளமில்லாத சிம்மாசனம்

காலை முதல் மாலை வரை ஓர் உத்தியோகம். அது முடிந்ததும் இன்னோர் உத்தியோகம். இரண்டாவது உத்தியோகத்துக்குச் சம்பளம் கிடையாது. படி கிடையாது. கைக்காசுதான் கரையும். கூட்டத்துக்கு நாற்காலி போதாவிட்டால் பழி நம் தலையில். நாற்காலி மிஞ்சிப் போனாலும் பழி நம் தலையில்தான். இப்படிப்பட்ட வேலையை யாராவது மனுப் போட்டுக் கேட்டு வாங்குவார்களா?

வாங்குகிறார்கள்! அதற்குப் போட்டியும் இருக்கிறது. தொழில் சங்கங்களின் தலைவர், காரியதரிசி, பொக்கிஷதார் பதவிகளைத்தான் சொல்கிறேன். டாக்டர்களுக்குச் சங்கம் உண்டு, வக்கீல்களுக்கு உண்டு. மக்கள் தொடர்பு அதிகாரிகளுக்கும் உண்டு. ஊருக்கெல்லாம் நல்ல பெயர் வாங்கிக் கொடுப்பதைத் தொழிலாகக் கொண்டவர்கள், தங்களுக்குள் ஒரு தலைவரை எப்படித் தேடிக்கொள்கிறார்கள் என்பது சுவாரசியமான கதை. அதிலும், அந்த நாற்காலியில் ஒரு பெண்மணி முதன் முதலாக வந்து அமர்ந்த கதை இன்னும் சுவாரசியமானது.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். மக்கள் தொடர்பு என்றால் விளம்பரந்தானே என்று கேட்கலாம். இல்லை. விளம்பரம் என்பது பணம் கொடுத்து இடம் வாங்குவது. மக்கள் தொடர்பு என்பது நம்பிக்கையைச் சம்பாதிப்பது. கல்யாண வீட்டில் பந்தலும் வாழைமரமும் விளம்பரம் என்றால், முகம் சுளித்து நிற்கும் சம்பந்தி வீட்டாரிடம் போய், அவர்கள் மனத்தாங்கல் என்னவென்று கேட்டு, அதை நம் வீட்டாருக்கு எடுத்துச் சொல்லி, இரண்டு பக்கத்தையும் ஒன்றாகப் பந்தியில் உட்கார வைக்கிறாளே அத்தை, அவள் செய்வதுதான் மக்கள் தொடர்பு! இந்த வேலையில் பெண்கள் கெட்டிக்காரிகள் என்பதை எந்த வீட்டிலும் போய்க் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் அதையே ஒரு தொழிலாக்கி, பெயர்ப் பலகை மாட்டியபோது, பலகையில் இருந்ததெல்லாம் ஆண்களின் பெயர்!

கதவுக்குப் பின்னால்

டோரிஸ் ஃப்ளைஷ்மன் என்று ஓர் அமெரிக்கப் பெண்மணி. 1913-இல் பட்டம் பெற்றவர். நியூயார்க்கில் பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்தவர். 1919-இல் எட்வர்ட் பெர்னேஸ் என்பவர் தொடங்கிய அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பெர்னேஸ் பின்னாளில் இத்தொழிலின் பிதாமகர்களில் ஒருவர் என்று பெயரெடுத்தவர். மனோதத்துவ மேதை ஃப்ராய்டுக்கு மருமான் முறை. 1922-இல் இருவருக்கும் கல்யாணம் நடந்தது. தொழிலிலும் இருவரும் கூட்டாளிகளானார்கள்.

டோரிஸ் கெட்டிக்காரி. பிடிவாதக்காரியுங்கூட. கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரையே வைத்துக்கொண்டார். 1925-இல் அந்தப் பெயரிலேயே பாஸ்போர்ட்டும் வாங்கிவிட்டார்! ஆனால் அலுவலகத்துக்குள் வேறு கதை. திட்டம் தீட்டுவார், அறிக்கை எழுதுவார். வாடிக்கைக்காரர்களைச் சந்தித்து யோசனை சொல்லப் போகிறவர் மட்டும் கணவர்தான். ஒரு பெண் சொல்லும் யோசனையை முதலாளிமார்கள் மதிக்கமாட்டார்கள் என்று அந்தக் காலத்தில் பயம். ராஜாங்கத்திடம் பிறந்த வீட்டுப் பெயரை ஒப்புக்கொள்ளச் செய்தவரால், சொந்த அலுவலகத்தின் கூட்ட அறைக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போக முடியவில்லை!

இந்தத் தொழிலில் இருந்தவர்கள் 1947-இல் ஒன்று கூடினார்கள். அதுவரை தனித்தனியே இருந்த அமைப்புகளை இணைத்து, அமெரிக்க மக்கள் தொடர்புச் சங்கத்தை ஏற்படுத்தினார்கள். 1950-இல் அங்கத்தினர்களுக்கென்று ஒழுக்க விதிகள் வகுத்தார்கள். 1964-இல் பரீட்சை வைத்துத் தகுதிப் பட்டம் வழங்கும் ஏற்பாட்டுக்கு அஸ்திவாரம் போட்டார்கள். வருஷத்துக்கு ஒரு தலைவர் வந்தார், போனார். எல்லோரும் ஆண்கள். சங்கம் பிறந்து கால் நூற்றாண்டு ஓடிவிட்டது.

அலபாமாவிலிருந்து ஒரு பெண்

பெட்ஸி பிளாங்க் 1924-இல் அலபாமா மாநிலத்தின் டஸ்கலூசா நகரில் பிறந்தார். 1944-இல் அதே ஊரிலுள்ள அலபாமா சர்வகலாசாலையில் பட்டம் பெற்றபோது வயது இருபது. ரேடியோவில் சேரவேண்டுமென்று ஆசை. பிட்ஸ்பர்க் நகரில் ஒரு ரேடியோ நிலையத்தில் வேலை பார்த்தார். பிறகு சிகாகோவுக்கு வந்தார். அங்கேதான் மக்கள் தொடர்புத் தொழில் அவரைப் பிடித்துக்கொண்டது.

சிகாகோவில் டேனியல் எடல்மன் என்பவரின் நிறுவனத்தில் பெட்ஸி படிப்படியாக உயர்ந்தார். நிர்வாக உப தலைவர், பொக்கிஷதார் என்ற பொறுப்புகள் வரை எட்டினார். அப்புறம் டெலிபோன் கம்பெனி. 1973-இல் ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்துக்குப் போனார், மறு வருஷமே சிகாகோவுக்குத் திரும்பி இல்லினாய்ஸ் பெல் கம்பெனியில் ஓர் இலாகாவுக்குத் தலைவரானார். அந்தக் கம்பெனியில் அப்படியொரு பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான்.

இவ்வளவும் சம்பள உத்தியோகம். சம்பளமில்லாத உத்தியோகம் அதன் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. சிகாகோவில் இருந்த விளம்பரத் துறையினர் கிளப்புக்குத் தலைவியானார். அங்கேயும் முதல் பெண் அவரே. 1973-ஆம் ஆண்டு, அமெரிக்க மக்கள் தொடர்புச் சங்கத்தின் தேசியத் தலைவர் பதவி பெட்ஸி பிளாங்கிடம் வந்தது. புது வேலை, புது அலுவலகம். அதே வருஷத்தில் தேசம் முழுவதற்கும் ஒரு சங்கம்! வீட்டில் அடுப்பில் பால், வாசலில் விருந்தாளி, கூடத்தில் அழும் குழந்தை என்று மூன்றையும் ஒரே சமயத்தில் பார்க்கிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பதவி எப்படிக் கிடைக்கிறது?

இந்தச் சங்கத்தின் தலைமை நாற்காலி வானத்திலிருந்து விழுவதில்லை. ஏணி இருக்கிறது. ஒவ்வொரு படியாக ஏறவேண்டும்.

முதல் படி, உள்ளூர்க் கிளை. அங்கே கிடைக்கிற வேலைகள் பெருமைக்குரியவை அல்ல. அங்கத்தினர் பட்டியலைச் சரிபார்க்க வேண்டும். பேச்சாளரை அழைத்து வரவேண்டும். சந்தா பாக்கியை முகம் கோணாமல் வசூலிக்க வேண்டும். இதில் தேறியவர் கிளையின் காரியதரிசி, பொக்கிஷதார், தலைவர் என்று உயரலாம்.

தேசிய அளவில் பதவி வேண்டுமானால் நியமனக் குழுவுக்கு மனுச் செய்துகொள்ள வேண்டும். இதுவரை சங்கத்துக்கு என்ன செய்தீர்கள், இனி என்ன செய்ய உத்தேசம், உங்களை அறிந்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்றெல்லாம் விசாரிப்பார்கள். பேட்டியும் உண்டு. குழு பொறுக்கியெடுத்த பெயர்கள், கிளைகளின் பிரதிநிதிகள் கூடும் பேரவையின் முன் வைக்கப்படுகின்றன. ஓட்டுப் போடுகிறவர்கள் பிரதிநிதிகள்.

ஜெயித்துவிட்டால் உடனே சிம்மாசனம் என்று நினைத்துவிட வேண்டாம். இப்போதுள்ள முறைப்படி முதல் வருஷம், அடுத்த தலைவர் என்ற பெயரோடு பக்கத்தில் உட்கார்ந்து பாடம் கற்கவேண்டும். இரண்டாம் வருஷந்தான் தலைமை. மூன்றாம் வருஷம், முன்னாள் தலைவர் என்ற முறையில் புதியவருக்குத் துணை. ஆக, ஒரு வருஷப் பதவிக்கு மூன்று வருஷ உழைப்பு!

இதனால்தான் பல சங்கங்களில் மனுதாரரைப் பார்த்து, "உங்கள் முதலாளி சம்மதிப்பாரா?" என்று கேட்பது வழக்கம். வீட்டாரின் சம்மதத்தைப் பற்றி மனுப் பாரத்தில் கேட்பதில்லை. ஆனால் நாமல்லவா அறிவோம், எந்தச் சம்மதம் கஷ்டமானதென்று!

நாற்காலியின் முள்

சிம்மாசனத்தில் முள்ளும் உண்டு. 1986-இல் இதே சங்கத்தில் ஒரு பெரிய சங்கடம் நேர்ந்தது. அவ்வாண்டின் தலைவர் உள் விஷயம் தெரிந்துகொண்டு பங்கு வாங்கினார் என்று அமெரிக்கப் பங்குச் சந்தைக் கண்காணிப்பு ஆணையம் குற்றம் சாட்டியது. அவர் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே சமரச உத்தரவுக்கு இணங்கினார். விஷயம் வெளியே வந்ததும் தலைவர் பதவியிலிருந்து விலகினார். ஒழுக்கக் குழு விசாரித்து முடிக்குமுன் சங்கத்திலிருந்தே விலகிவிட்டார். சங்கத்தின் விதிகள் அங்கத்தினரை மட்டுமே கட்டுப்படுத்தும். அங்கத்தினராக இல்லாதவரை என்ன செய்ய முடியும்?

ஊருக்கு நம்பிக்கையைப் பற்றி உபதேசம் செய்யும் சங்கத்துக்கு இதைவிடத் தலைகுனிவு வேண்டுமா? அதிகாரத்தால் கட்டிப் போட முடியாத இடத்தில், தலைமைக்கு வருகிறவரின் குணம் ஒன்றுதான் காவல். சம்பளமில்லாத பதவிதானே, யார் வந்தால் என்ன என்று அலட்சியமாக ஓட்டுப் போடுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஒருத்தி வந்தால் போதுமா?

பெட்ஸி கதவைத் திறந்தவுடன் பெண்கள் வரிசையாக உள்ளே வந்துவிட்டார்களா? அதுதான் இல்லை. மறுபடியும் ஒரு பெண் அந்த நாற்காலிக்கு வர ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஆயின. 1983-இல் ஜூடித் போகார்ட். 1984-இல் பார்பரா ஹண்டர். இந்த பார்பராவும் அவருடைய சகோதரி ஜீன் ஸ்கூனோவரும், தாங்கள் வேலை பார்த்த மக்கள் தொடர்பு நிறுவனத்தையே 1970 வாக்கில் விலைக்கு வாங்கி நடத்தியவர்கள்!

கன்ஸாஸ் சிட்டியில் ஐனஸ் கைஸர் என்ற கறுப்பினப் பெண்மணிக்கு இரட்டைச் சுவர். பல வருஷங்கள் பள்ளியில் மனையியல் கற்பித்த ஆசிரியை அவர். பிறகு சொந்தமாக மக்கள் தொடர்பு நிறுவனம் தொடங்கினார். பெண் என்பது ஒரு தடை. நிறம் இன்னொரு தடை. இரண்டையும் தாண்டி இந்தச் சங்கத்தில் அங்கத்தினராகச் சேர்ந்த முதல் கறுப்பினப் பெண் என்ற பெயரைப் பெற்றார். சிலருக்குத் தலைவர் பதவி ஏணியின் உச்சி. சிலருக்கு ஏணியின் அடியில் நிற்க இடம் கிடைப்பதே ஒரு வெற்றி.

இன்று அமெரிக்காவில் இந்தத் தொழிலில் இருப்பவர்களில் பெண்களே அதிகம். ஆனாலும் பெரிய நிறுவனங்களின் உச்சியில் ஆண்களின் கைதான் இன்னும் ஓங்கியிருக்கிறது. சங்கப் பதவிகளுக்குப் பெண்கள் முன்வருவதில் இதனால் ஒரு லாபம் இருக்கிறது. பட்ஜெட் போடுவது, சபையை நடத்துவது, கருத்து வேறுபாட்டைச் சமாளிப்பது ஆகியவற்றை அலுவலகத்தில் கற்றுத்தர யாரும் முன்வராவிட்டால், சங்கத்தில் கற்றுக்கொள்ளலாம்.

நம் நாட்டில்

இந்தியாவிலும் இப்படி ஒரு சங்கம் உண்டு. இந்திய மக்கள் தொடர்புச் சங்கம் 1958-இல் தோன்றியது. 1968 ஏப்ரல் 21-ஆம் தேதி டில்லியில் அதன் முதல் அகில இந்திய மகாநாடு கூடியது. ஒழுக்க விதிகளையும் அங்கே ஏற்றுக்கொண்டார்கள். அந்த நாளைத்தான் ஆண்டுதோறும் தேசிய மக்கள் தொடர்பு தினமாகக் கொண்டாடுகிறார்கள். சென்னை உட்படப் பல நகரங்களில் அதற்குக் கிளைகள் இருக்கின்றன.

ஆனால் நம் பெண்களிடம் ஒரு கூச்சம் இருக்கிறது. தொழில் சங்கமானாலும் சரி, பேட்டை மாதர் சங்கமானாலும் சரி, பதவி என்றதும், "எனக்கெதற்கு அம்மா அந்தப் பொறுப்பெல்லாம்? வேறு யாரையாவது போடுங்கள்" என்று ஒதுங்கிவிடுகிறோம். கேட்டு வாங்குவது பேராசை என்று ஒரு நினைப்பு. யாராவது நாலு தரம் வற்புறுத்தினால் ஒப்புக்கொள்ளலாம்; நாமாகக் கேட்டால் ஊர் என்ன சொல்லும்?

சம்பளமில்லாத வேலையை ஒருத்தி கேட்கிறாள் என்றால், அவள் கேட்பது உழைக்க ஓர் இடம். அதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. கேட்பதற்கு முன் மூன்று விஷயங்களை மட்டும் தனக்குள் விசாரித்துக்கொள்ள வேண்டும். வாரத்தில் எத்தனை மணி நேரம் நிஜமாகவே ஒதுக்க முடியும்? சங்கத்துக்குச் செய்ய விரும்பும் ஒரு காரியத்தை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியுமா? பதவி கிடைக்காவிட்டாலும் அடுத்த கூட்டத்துக்கு வந்து நாற்காலி போடுவேனா? மூன்றாவது கேள்விக்கு ஆம் என்று சொல்லக்கூடியவள் தைரியமாக மனுவை எழுதலாம்.

பெட்ஸி பிளாங்க் தலைவர் நாற்காலியில் இருந்தது ஒரே ஒரு வருஷம். அதற்குப் பின் பல வருஷங்கள் அவர் பாடுபட்டது, இத்தொழிலைப் படிக்கும் மாணவ மாணவிகளுக்காக. 1967-இல் தொடங்கிய மாணவர் சங்கத்துக்கு அவர் ஞானத்தாய் போல் விளங்கினார். கல்லூரிகளில் இந்தப் பாடத்தை எப்படிக் கற்பிப்பது என்று 1987-இல் அறிக்கை கொடுத்த குழுவுக்குத் தலைமை வகித்தவர்களில் ஒருவராக இருந்தார். அவர் படித்த சர்வகலாசாலையில் 2005-இல் அவர் பெயரால் தலைமைப் பயிற்சிக்கென்றே ஒரு மையம் ஏற்பட்டது. 2010-இல் தம் 86-ஆவது வயதில் காலமானார்.

சம்பளமே வாங்காத அந்த ஒரு வருஷத்துக்காகத்தான் இன்று அவர் பெயரை முதலில் சொல்கிறார்கள்.