இரண்டரை நூல் இடைவெளி

கேரவனுக்குள் மோட்டாரில் ஏறி இறங்கும் கட்டிலுக்கு உயர வரம்பு வைக்கிறோம். வரவு, செலவெல்லாம் போட்டு முடித்தபின் கையில் நிற்பது 8 மி.மீ. அங்குலத்துக்கு 8 நூல், ஒரு நூல் 3.175 மி.மீ. என்ற ஆசாரிக் கணக்கில் இது இரண்டரை நூல். அந்த இரண்டரை நூல் எப்படி வந்தது, அதை யார் காப்பது என்பதுதான் இந்தக் கணக்கேடு.

கேரவன் என்றால் நமக்குச் செம்பரம்பாக்கம் படப்பிடிப்புத் தளங்களின் வாசலில் நிற்கும் நடிகர்களின் வண்டிதான் நினைவுக்கு வரும். கேரளம் 2021-ல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தபின், குடும்பத்தோடு தங்கிப் பயணம் போகும் வண்டி என்ற பொருளும் அந்தச் சொல்லுக்குப் பரவலாகி வருகிறது. அத்தகைய வண்டிக்கு உள்வேலை செய்ய மேற்குச் சென்னையைவிடத் தோதான இடம் அரிது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் தொடங்கியது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை 1961-ல் வந்தது. ஸ்க்வேர் டியூப் வெட்ட, லேத்தில் புஷ் கடைய, பவுடர் கோட்டிங் போட, சில கிலோமீட்டருக்குள் ஆள் உண்டு. கைத்திறனுக்குக் குறைவில்லை. வேலையைத் தொடங்கும் முன் தாளில் போட வேண்டிய கணக்குதான் பலநேரம் விடுபடுகிறது.

கீழே வரும் அளவுகள் ஒரு மாதிரி வண்டிக்கானவை. உங்கள் வண்டியின் அளவை அதே இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். கூட்டல் கழித்தல் மாறாது.

எடைக் கணக்கு

கட்டில் 1,900 மி.மீ. நீளம், 1,300 மி.மீ. அகலம்.

12 மி.மீ. பிளைவுட், கன மீட்டருக்கு 650 கிலோ வீதம்: 19.3 கிலோ
40 × 40 × 3 அலுமினியம் ஸ்க்வேர் டியூப், 9 மீட்டர்: 10.8 கிலோ
100 மி.மீ. ஃபோம் மெத்தை, 32 அடர்த்தி: 7.9 கிலோ
விரிப்பு, போர்வை, தலையணை: 4.0 கிலோ
மொத்தம்: 42 கிலோ

இந்த 42 கிலோவைத் தாங்கி நிறுத்த வேண்டிய விசை 412 நியூட்டன். இந்த எண்ணைக் குறித்து வையுங்கள், மறுபடி வரும்.

மேல் வரம்பு: கூரையிலிருந்து கீழே கழிக்க

தரையிலிருந்து கூரை வரை 1,900 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

கூரை: 1,900
கூரை விளக்கின் துருத்தல்: 20 கழிக்க, 1,880
கை நசுங்காமலிருக்க இடைவெளி: 100 கழிக்க, 1,780
மெத்தை மேலேயே இருக்கும் தலையணை: 100 கழிக்க, 1,680
மெத்தை 100, பிளைவுட் 12, சட்டம் 40: 152 கழிக்க, 1,528

கட்டிலின் அடிப்பக்கம் 1,528-ஐத் தாண்டி மேலே போகக்கூடாது. இதன் கீழே நிமிர்ந்து நடக்க முடியாது. ஆனால் 450 மி.மீ. இருக்கையில், உட்கார்ந்த உயரம் 920 மி.மீ. உள்ள ஒருவர் அமர்ந்தால் அவர் உச்சி 1,370-ல் நிற்கும். தலைக்குமேல் 158 மி.மீ. மிஞ்சும். சாப்பிடவும் படிக்கவும் அது போதும்.

100 மி.மீ. என்ற எண் எங்கிருந்து வந்தது? இயந்திரங்களில் உடலுறுப்பு நசுங்காமலிருக்க விட வேண்டிய குறைந்தபட்ச இடைவெளியை ஐ.எஸ்.ஓ. 13854 என்ற சர்வதேசத் தரம் பட்டியலிடுகிறது. விரலுக்கு 25 மி.மீ., கைக்கும் மணிக்கட்டுக்கும் 100, புயத்துக்கு 120, காலுக்கு 180, தலைக்கு 300, முழு உடலுக்கு 500. கட்டிலும் கூரையும் நெருங்கிவரும் இடத்தில் தலைக்கு 300 விட நம் வண்டியில் வழியில்லை. ஆகவே கட்டில் நகரும்போது அதன்மேல் யாரும் இருக்கக்கூடாது என்ற விதியை இங்கேயே எழுதிவிட வேண்டும். இடம் கொடுக்க முடியாததை ஒழுங்கால் ஈடுகட்டுகிறோம்.

கீழ் வரம்பு: இரண்டு பக்கமும் இழுக்கும் கயிறு

சிக்கல் கீழேதான். ரயிலில் மூன்றடுக்குப் பெட்டியில் போனவர்களுக்கு இது புரியும். நடு பெர்த் விரிந்தால் கீழே இருப்பவர் நிமிர்ந்து உட்கார முடியாது. அதற்காகவே நடு பெர்த்தை விரிக்க இரவு 10 முதல் காலை 6 வரை என்று ரயில்வே 2017-ல் நேரம் வரையறுத்தது. அங்கே கடிகாரத்தை வைத்துத் தீர்த்ததை நாம் இன்ச்டேப்பை வைத்துத் தீர்க்க வேண்டும்.

இரவில் கட்டில்மேல் ஒருவர் எழுந்து உட்கார்ந்தால் தலை கூரையில் இடிக்கக்கூடாது. அதனால் கட்டில் ஓரளவு இறங்கியே ஆக வேண்டும்.

கூரை 1,900, விளக்கு 20 கழிக்க: 1,880
தலைக்குமேல் 50 கழிக்க: 1,830
உட்கார்ந்த உயரம் 920 கழிக்க: 910

இந்த 910 மெத்தையில் உடல் பதியும் மட்டம். 152 மி.மீ. கனத்தில் 30 மி.மீ. அமுங்கும் என்றால் எஞ்சும் கனம் 122. ஆக, கட்டிலின் அடிப்பக்கம் அதிகபட்சம் 788.

கீழேயிருந்து மேசை தடுக்கிறது. சாப்பாட்டு மேசை 720 உயரம் என்போம்.

விரலுக்கு இடம் விட்டால்: 720 + 25 = 745. மிச்சம் 43 மி.மீ.
கைக்கு இடம் விட்டால்: 720 + 100 = 820. மிச்சம் இல்லை, 32 மி.மீ. கடன்.

இந்த இடத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். விரல் கணக்கை எடுத்துக்கொண்டு, 43 மி.மீ. இருக்கிறதே என்று திருப்தியாகிவிடுகிறார்கள். மேசைமேல் கை ஊன்றியபடி ஒரு குழந்தை நிற்கும்போது கட்டில் இறங்கினால் என்ன ஆகும் என்று அந்தக் கணக்கு கேட்பதில்லை. அந்தக் கடனை மேசைதான் கட்ட வேண்டும். மேசைக்காலை 40 மி.மீ. குறைத்து 680 ஆக்குங்கள். 680 + 100 = 780. அதிகபட்சம் 788. மிச்சம் 8 மி.மீ.

தலைப்பில் சொன்ன இரண்டரை நூல் இதுதான். கீழ் வரம்பு 780, மேல் வரம்பு 1,528, ஓட்டம் 748 மி.மீ.

கண்ணால் நிறுத்த முடியுமா?

748 மி.மீ. தூரத்தை 60 விநாடியில் கடந்தால் வேகம் விநாடிக்குச் சுமார் 12.5 மி.மீ. பொத்தானை விடலாம் என்று மனம் நினைத்து விரல் விடுவதற்கு ஒரு விநாடி ஆனால் கட்டில் 12.5 மி.மீ. கடந்திருக்கும். நம்மிடம் இருப்பது 8. கண்ணையும் விரலையும் நம்பினால் 4.5 மி.மீ. நட்டம். அசதியோடு படுக்கப் போகிற இரவில் நட்டம் இன்னும் பெரிது. ஆகவே நிறுத்துவது சுவிட்சின் வேலை.

இதற்கு வழிகாட்டி நம் தெருவிலேயே ஓடுகிறது. மழையில் வைப்பரை எந்த நொடியில் நிறுத்தினாலும் அது கண்ணாடியின் அடியோரம் போய்த்தான் படுக்கிறது. மோட்டாருக்குள் சுழலும் தட்டு ஒன்று குறித்த இடத்தில் மின்தொடர்பைத் துண்டிக்கிறது. அதுவும் ஒரு லிமிட் சுவிட்ச்தான். பாடியில் 1961 முதல் இயங்கும் லூகாஸ் டி.வி.எஸ். இத்தகைய வைப்பர் மோட்டார்களைச் செய்கிறது. சி.டி.எச். சாலையில் தினமும் ஆயிரம் வண்டிகளில் ஒழுங்காக நடக்கும் காரியம் ஒரு கட்டிலில் நடக்காமல் போகாது.

விசைக் கணக்கு

பேட்டரியைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் அதிகம். அந்தக் கவலையைத் தீர்த்துவிடலாம். 412 நியூட்டனை 0.748 மீட்டர் தூக்க 308 ஜூல். 60 விநாடியில் 5.1 வாட். லீட் ஸ்க்ரூவின் உராய்வைச் சேர்த்துத் திறன் 30 விழுக்காடு என்றால் 17 வாட். 12 வோல்ட்டில் 1.43 ஆம்பியர். ஒருமுறை தூக்க 0.285 வாட்-மணி. 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 1,200. கட்டிலால் பேட்டரி தீராது.

கவலைப்பட வேண்டியது மோட்டாரின் பலம் பற்றி. நான்கு மூலைக்கும் 1,500 நியூட்டன் ஆக்சுவேட்டர் போட்டால் மொத்தம் 6,000. தேவை 412.

மேலே போகும்போது எடை எதிர்க்கிறது: 6,000 − 412 = 5,588 நியூட்டன், 570 கிலோ எடைக்குச் சமம்
கீழே வரும்போது எடையும் சேர்ந்து அழுத்துகிறது: 6,000 + 412 = 6,412 நியூட்டன், 654 கிலோ

அதையே மூலைக்கு 250 நியூட்டன், மொத்தம் 1,000 என்று வைத்தால்:

மேலே: 588 நியூட்டன், 60 கிலோ
கீழே: 1,412 நியூட்டன், 144 கிலோ

எந்த மோட்டாரைப் போட்டாலும் கீழ்நோக்கிய அழுத்தம்தான் பெரிது. கூரை விளக்கு உடையுமே என்று மேல் வரம்பை நாலு தடவை பார்க்கிறவர்கள், மனிதர் உட்காரும் கீழ்ப் பக்கத்தை ஒருதடவை பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். மேல் வரம்பு பெரும்பாலும் பொருளைக் காக்கிறது. கீழ் வரம்பு ஆளைக் காக்கிறது. முதலில் அதைத்தான் வைக்க வேண்டும்.

சிறிய மோட்டாரில் இன்னொரு நன்மை. இரண்டு பெரியவர்கள் 150 கிலோ என்றால் கட்டிலோடு 192 கிலோ, 1,884 நியூட்டன். 1,000 நியூட்டன் மோட்டார்களால் அதைத் தூக்கவே முடியாது. தூங்குகிறவர்களோடு கட்டில் கூரையை நோக்கிப் போகாது. அந்த 1,884 நியூட்டனை இரவு முழுவதும் ஸ்க்ரூ சுமக்கவும் கூடாது. 780 உயரத்தில் நான்கு தாங்கிகள் இருக்க வேண்டும், கட்டில் அவற்றின்மேல் உட்கார வேண்டும்.

ஆனால் 25 கிலோ குழந்தை? கட்டிலோடு 67 கிலோ, 657 நியூட்டன். மோட்டார் தூக்கிவிடும். போர்வைக்குள் சுருண்டு கிடக்கும் பிள்ளையை மோட்டாருக்குத் தெரியாது. மின்னோட்டத்துக்குத் தெரியும். வெறும் கட்டில் 1.43 ஆம்பியர் இழுத்தால், பிள்ளையோடு 2.28 இழுக்கும். 2 ஆம்பியரில் நின்றுவிடும்படி கட்டுப்பாட்டுப் பலகையை அமைத்தால், இந்த 0.85 ஆம்பியர் வித்தியாசம் ஓர் உயிருக்குக் காவல் நிற்கும். மோட்டார் கிளம்பும் முதல் அரை விநாடியில் மின்னோட்டம் துள்ளும். அதை மட்டும் கணக்கில் விட்டுவிட வேண்டும். உண்மையான அளவை மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே எண்ணைத் தீர்மானிக்க வேண்டும்.

மூன்று வேலி

முதல் வேலி, எண்ணும் வேலி. ஆக்சுவேட்டருக்குள் இருக்கும் ஹால் சென்சார் சுற்றுகளை எண்ணுகிறது. வரம்பு நெருங்கும்போது வேகம் குறையும்படி செய்யலாம். மின்சாரம் போய் வந்தால் எண்ணிக்கை பிசகக்கூடும் என்பதால் இதை மட்டும் நம்பக்கூடாது.

இரண்டாவது, லிமிட் சுவிட்ச். கட்டில் வந்து தொட்டதும் மின்சுற்றைத் திறந்துவிடும் இணைப்பாக, அதாவது நார்மலி க்ளோஸ்டு வகையில், இணைக்க வேண்டும். பூந்தமல்லி நெடுஞ்சாலைக் குலுக்கலில் கம்பி அறுந்தாலும் மோட்டார் நின்றுவிடும். மாற்றி இணைத்திருந்தால், கம்பி அறுந்த அன்று கட்டில் நிற்கவே நிற்காது. மேலே 1,528-லும், கீழே தாங்கியைத் தொட 2 மி.மீ. இருக்கும்போது 782-லும் இது விழ வேண்டும். சுவிட்சின் விலை சில நூறு ரூபாய்க்குள். ரிச்சி தெருவில் கிடைக்கும்.

மூன்றாவது, இரும்பு. மேலே 1,533-ல் ஒரு போல்ட் ஸ்டாப்பர், கீழே அந்தத் தாங்கிகள். மின்சாரம் முழுக்கப் பொய்த்தாலும் இரும்பு பொய்க்காது.

கோடைப் பகலில் 20 டிகிரி கூடினால் 1,900 மி.மீ. அலுமினியத் தண்டு 0.9 மி.மீ. நீளும். கூடத்தில் நிற்கும் அலமாரிக்கு அது ஒன்றுமில்லை. 8 மி.மீ. மட்டுமே மிச்சமுள்ள கணக்கில் ஒன்பதில் ஒரு பங்கு அது. வரம்பைக் காலைக் குளிர்ச்சியில் ஒருமுறை, உச்சி வெயிலில் ஒருமுறை சரிபார்ப்பது அதனால்தான். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும், மெத்தையும் தலையணையும் கட்டில்மேல் இருக்க வேண்டும். 25, 100 மி.மீ. கனத்தில் இரண்டு மரக்கட்டைகள் வெட்டி இடைவெளிகளில் நுழைத்துப் பாருங்கள். பத்து முறை ஏற்றி இறக்கிப் பத்து முறையும் எழுதிவையுங்கள்.

சட்டத்தின் பங்கு

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, பதிவுச் சான்றின் விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. இருக்கைகளைக் கழற்றினாலே இருக்கை எண்ணிக்கை மாறிவிடும். 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றமும் இந்தத் தடையை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. மூன்று மாற்றம் என்றால் ரூ.15,000. மோட்டார் கேரவன்களுக்கென்றே ஏ.ஐ.எஸ். 124 என்ற தரம் உண்டு. ஆணியடிக்கும் முன் அதன்படி ஒப்புதல் வாங்கும் வழியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கணக்கு மாறும் நாள்

வேலை முடிந்ததும் பொத்தானுக்குப் பக்கத்துச் சுவரில் பெயின்ட்டில் எழுதுங்கள்: மேல் 1,528, கீழ் 780, மேசை 680, மெத்தை 100.

நான்காவது எண்ணுக்குக் காரணம் உண்டு. இரண்டு வருடம் கழித்து முதுகு வலிக்கிறது என்று யாரோ 150 மி.மீ. மெத்தை வாங்கிப் போடுவார்கள். கனம் 50 மி.மீ. கூடும். மேல் வரம்பு 1,478 ஆக வேண்டும். கீழே அதிகபட்சம் 788-லிருந்து 738 ஆகும். மேசையும் கை இடைவெளியும் கேட்பது 780. இரண்டரை நூல் மிச்சம், 42 மி.மீ. கடனாகிவிடும். மோட்டாரும் சுவிட்சும் பழைய இடத்திலேயே சரியாக நிற்கும், வரம்பு மட்டும் பொய்யாகியிருக்கும். சுவரில் அந்த நான்கு எண்களும் இருந்தால், மெத்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வருகிறவர் பொத்தானை அழுத்தும் முன் அதைப் படிப்பார், இன்ச்டேப்பைத் தேடுவார்.