துயரின் மொழி அறிந்தோர் தேவை

உடல்நோயைக் கண்டறிய மருத்துவருக்குக் குருதிச் சோதனையும் ஊடுகதிர்ப் படமும் துணை நிற்கின்றன. மனநோயைப் பொறுத்தவரை, நோயாளி சொல்வதும், சொல்லாமல் விடுவதும், சொல்லும் முறையுமே பெரும்பாலும் சான்றுகளாகின்றன. ஆகவே, மனநலத் துறையில் மொழியே முதன்மையான கருவி. அக்கருவியை வீட்டிலேயே பெற்றுக்கொண்ட நம் தமிழ் மாணவர்கள் அத்துறைக்குப் பெருமளவில் செல்லவேண்டும் என்பதே இவ்வுரையின் கருத்தாகும்.

சொல்லும் பொருளும்

தோட்டங்களில் களைக்கொல்லி தெளிப்பதை 'மருந்து அடிப்பது' என்பர். 'மருந்து குடித்துவிட்டாள்' என்று ஒரு தாய் பதறினால், நஞ்சு உண்டாள் என்பது தமிழறிந்த எவருக்கும் உடனே விளங்கும். இதனைச் சொல்லுக்குச் சொல் மலாயில் 'மினும் ஊபாட்' என்று பெயர்த்தால், நோய்க்கு மருந்து உட்கொண்டாள் என்ற பொருளே முதலில் தோன்றும். உயிர் ஊசலாடும் வேளையில் இவ்வேறுபாடு சிறியதன்று.

'வயிறு எரிகிறது' என்பது இரைப்பை நோயைக் குறிக்கலாம், ஆற்றாமையையும் குறிக்கலாம். 'போய்ச் சேர்ந்துவிடலாம் போலிருக்கிறது' என்பது அன்றாடச் சலிப்பாக இருக்கலாம். உறுதியான முடிவாகவும் இருக்கலாம். குரலையும் சூழலையும் கொண்டே இவற்றைப் பிரித்தறிய இயலும். மொழிபெயர்க்கப் பிள்ளையையோ மருமகளையோ அழைத்துவந்தால் மற்றொரு தடை எழுகின்றது; அவர்கள் எதிரில் சொல்லத் தகாதவற்றை அத்தாய் விழுங்கிவிடுவாள். இளையோருக்கு மலாய் நன்கு தெரியுமே என்று கேட்கலாம். பள்ளியில் மலாயைச் சரளமாகப் பேசும் மாணவனும் வீட்டுச் சண்டையைத் தமிழில்தான் கேட்டு வளர்ந்தான் என்பதை மறத்தலாகாது.

தேவையின் அளவு

2022ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வு, மலேசியப் பதின்ம வயதினருள் நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வின் அறிகுறி உண்டு எனக் காட்டியது. 2007இல் தொடங்கப்பட்ட தேசியத் தற்கொலைப் பதிவேட்டின் தொடக்க ஆண்டு அறிக்கைகளில், இறந்தோருள் இந்தியரின் பங்கு அவர்களின் மக்கள்தொகைப் பங்கைவிட மிக அதிகமாக இருந்தது. ரப்பர் மரங்கள் சாய்க்கப்பட்டுச் செம்பனை வந்தபோதும், நிலம் வீடமைப்புக்கு மாறியபோதும், சுங்கை பட்டாணி, கூலிம், பாடாங் செராய் ஆகிய நகர்களுக்குப் பல குடும்பங்கள் பெயர்ந்தன. தோட்டத்தில் கோயிலும் பள்ளியும் அண்டை வீடும் சேர்ந்து அளித்த ஆதரவு, அடுக்குமாடி வீடுகளில் அவர்களுக்கு அவ்வாறே கிட்டவில்லை.

நாணமும் சட்டமும்

ஊர்ப்பெயர்கள் ஏச்சாக மாறியதையும் மொழியியலாளர் கவனித்தல் வேண்டும். சென்னையில் கீழ்ப்பாக்கம், இலங்கையில் அங்கொடை, நம் நாட்டில் தஞ்சோங் ரம்புத்தான்: மூன்றும் மனநல மருத்துவமனை அமைந்த இடங்கள், மூன்றும் கேலிச்சொற்கள் ஆயின. வகுப்பறையில் இச்சொல் சிரிப்பை எழுப்பும்போது, உதவி நாட எண்ணிய மாணவன் வாயை மூடிக்கொள்கிறான். சட்டமோ மாறிவிட்டது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டது. நம் பேச்சும் மாறவேண்டும்.

பிறர் பெற்ற பட்டறிவு

அமெரிக்கக் கறுப்பினத்தவர் இதே தேவையை முன்னரே உணர்ந்தனர். கென்னத் கிளார்க், மேமி கிளார்க் இணையர் கறுப்பினக் குழந்தைகளிடம் பொம்மைகளைக் காட்டி நடத்திய ஆய்வு, பள்ளிகளில் இனப்பிரிவினையை நீக்கிய 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பில் எடுத்தாளப்பட்டது. 1968இல் கறுப்பின உளவியலாளர் தமக்கெனத் தனிச் சங்கம் கண்டனர். யாழ்ப்பாணத்தில் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போரினால் விளைந்த உளத்துயரை ஆராய்ந்ததோடு, அதனைத் தமிழிலும் எழுதினார். உள்ளிருந்து வந்தவர்கள் புதிய வினாக்களை எழுப்பினர் என்பதே இவற்றால் பெறப்படும் பாடம்.

வழிகள் எவை?

மனநலத் துறை என்றால் மருத்துவப் படிப்பு ஒன்றே என எண்ணி மாணவர் பலர் ஒதுங்குகின்றனர். மனநல மருத்துவராக மருத்துவப் பட்டமும், பயிற்சிப் பணியும், சிறப்புப் படிப்பும் தேவை. மருத்துவ உளவியலாளருக்கு உளவியல் பட்டத்தின்மேல் முதுகலைப் படிப்பு வேண்டும். ஆற்றுப்படுத்துநராக ஏற்புடைய பட்டம் பெற்று, 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்கீழ்ப் பதிவுசெய்துகொள்ள வேண்டும். செவிலியர், சமூகப் பணியாளர் ஆகியோருக்கும் இங்கு இடமுண்டு. கெடாவிலேயே, சிந்தோக்கில் மலேசிய வடக்குப் பல்கலைக்கழகமும், பீடோங்கில் 2001இல் நிறுவப்பட்ட ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகமும் உள்ளன. பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1975 முதல் சமூகப்பணியைக் கற்பித்து வருகிறது.

ஆசிரியர் கடமை

ஆசிரியப் பெருமக்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். எஸ்.பி.எம். தேர்வில் தமிழை விடாது எடுக்க மாணவரை ஊக்குவியுங்கள். அம்மொழியறிவு நாளை பணிக்கருவியாகும் எனக் காரணமும் சொல்லுங்கள். தோழர் தேடிவந்து குறை சொல்லும் மாணவன் எவ்வகுப்பிலும் ஒருவன் இருப்பான். அவனை அடையாளம் கண்டு, படிவம் மூன்றிலேயே இத்துறையைப் பற்றிக் கூறுங்கள். துயருற்ற மாணவனைக் கண்டால், பள்ளி ஆலோசகரிடமோ சுகாதார அமைச்சின் ஹீல் 15555 தொலைபேசிச் சேவையிடமோ சேர்ப்பியுங்கள்.

இது நமக்குப் புதிய பணியன்று. போருக்குப் பின், 1946, 1947 ஆண்டுகளில், பீடோங் ஹார்வார்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை, கள்ளினால் சீரழிந்த குடும்பங்களைக் காக்கக் களமிறங்கியது. அவர்களுக்குப் பட்டமோ பயிற்சியோ இல்லை. மாணவச் செல்வங்களே, உங்களுக்கு அவ்விரண்டும் கிடைக்கும் நிலை உள்ளது.

'ஆற்றுப்படுத்துதல்' என்னும் சொல்லே சங்க இலக்கியத்தின் ஆற்றுப்படையை நினைவூட்டுவது. பரிசில் பெற்று மீளும் பாணன், வறுமையோடு எதிர்வரும் பாணனுக்கு வழிகாட்டுவது அதன் மரபு. வழிகாட்டுவோன் புதியவன் அல்லன். அதே வறுமையை அறிந்தவன். தோட்டத்துத் துயரை அறிந்த நீங்கள் அந்த இடத்தில் நிற்கத் தகுதியுடையவர்கள்.