தையல் மெஷினிலிருந்து தலைவர் நாற்காலிக்கு

வெள்ளைக் கோட்டு மனிதர்கள் – 14

ஆபரேஷன் தியேட்டருக்குள் முதன்முதலாகக் கால் வைக்கும் மருத்துவ மாணவர், சில நாட்களிலேயே ஒரு பெயரைக் காதால் கேட்டுவிடுவார். “சிஸ்டர், டிபேக்கி” என்று சர்ஜன் கையை நீட்டுவார். மெலிந்து நீண்ட ஒரு ஃபோர்செப்ஸ் அந்தக் கைக்கு வந்து சேரும். அதன் ஒரு தாடையில் பொடிப்பொடியான பற்கள் இரண்டு வரிசை. எதிர்த்தாடையில் ஒரே வரிசை, அந்த இரண்டுக்கும் நடுவே போய்ப் பொருந்தும். ரத்தநாளத்தின் சுவரை நசுக்கவும் கூடாது, நழுவவிடவும் கூடாது என்பதற்காக உருவான கருவி. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் மைக்கேல் டிபேக்கி.

கருவி அளவுக்குப் பிரபலமில்லாத இன்னொரு முகம் அவருக்கு உண்டு. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், மூடிவிடலாமா என்ற நிலைக்கு வந்திருந்த ஒரு மருத்துவக் கல்லூரியை எடுத்து நிமிர்த்தியவர் அவர். நல்ல சர்ஜனுக்குக் கல்லூரித் தலைமை என்பது பெரும்பாலும் கை தளரும் வயதில் கிடைக்கும் மரியாதை. டிபேக்கியின் கதை அப்படிப் போகவில்லை. கத்தி பிடிக்கத் தொடங்கிய காலத்திலேயே, தன் கைத்திறமை மட்டும் போதாது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. அதைத் தெரியவைத்தது போர்.

2,471 தமனிகள்

1908-ல் லூசியானா மாநிலத்தின் லேக் சார்ல்ஸ் ஊரில் பிறந்தவர். பெற்றோர் லெபனானிலிருந்து வந்து குடியேறியவர்கள். அப்பா மருந்துக்கடை வைத்திருந்தார். அம்மா ஊர்ப் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த மகனுக்கும் ஊசி நூல் பழகிவிட்டது. நியூ ஆர்லியன்ஸின் டுலேன் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவராக இருந்தபோதே, ரப்பர் குழாயை உருளைகளால் அழுத்தி ரத்தத்தைத் தள்ளும் ‘ரோலர் பம்ப்’ ஒன்றைச் செம்மைப்படுத்தினார். 1953-ல் ஜான் கிப்பன் தன் இதய-நுரையீரல் இயந்திரத்தை வைத்து வெற்றிகரமாக இதய அறுவை செய்தபோது, அதற்குள் ஓடியது அந்த வகை பம்ப்தான்.

இரண்டாம் உலகப் போரில் டிபேக்கிக்குக் கிடைத்த வேலை, ராணுவத் தலைமை மருத்துவர் அலுவலகத்தில். போர்முனையிலிருந்து வந்து குவியும் அறுவை சிகிச்சைப் பதிவுகளைப் படித்து, எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று கணக்கெடுக்க வேண்டும். போர் முடிந்ததும், ஃபியோரிண்டோ சிமியோனே என்ற மருத்துவருடன் சேர்ந்து 1946-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தமனியில் காயம்பட்ட 2,471 பேரின் கணக்கு அது.

படித்தால் நெஞ்சு கனக்கும் கணக்கு. அறுந்த தமனியைத் தைத்துச் சேர்க்க முடிந்தது வெறும் 81 பேருக்குத்தான். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு, ரத்தம் கொட்டுவதை நிறுத்தத் தமனியைக் கட்டிவிட்டார்கள். உயிர் தங்கியது, ஆனால் அப்படிக் கட்டப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் கையையோ காலையோ எடுக்க வேண்டிவந்தது.

சர்ஜன்களுக்குத் தைக்கத் தெரியாமலா? அந்த நுட்பம் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கைவந்துவிட்டது. காயம்பட்டவர் அறுவை மேசைக்கு வந்து சேர்வதற்குள் பல மணி நேரம் ஓடிவிடும். அதற்குள் தசை செத்துப்போகும். எவ்வளவு கெட்டிக்காரக் கையும் அதற்குமேல் என்ன செய்ய முடியும்? அறுவை சிகிச்சைக் குழுக்களைப் போர்முனைக்கு அருகே கொண்டுபோக வேண்டும் என்று வாதாடியவர்களில் டிபேக்கி முக்கியமானவர். அந்த யோசனை வளர்ந்துதான் ‘மாஷ்’ எனப்படும் நடமாடும் ராணுவ மருத்துவமனைகள் வந்தன. கொரியப் போரில், ஹெலிகாப்டர் காயம்பட்டவரைத் தூக்கிவர, பக்கத்திலேயே மருத்துவமனை காத்திருக்க, தமனியைத் தைப்பது வழக்கமாயிற்று. உறுப்பை இழந்தவர்கள் நூற்றுக்கு 13 பேர் என்ற அளவுக்குக் குறைந்தார்கள்.

அமைப்பு சரியாக இருந்தால்தான் திறமை நோயாளியைப் போய்ச் சேரும். டிபேக்கியின் பிற்கால வாழ்க்கை முழுக்க இந்த ஒரு பாடத்தின் விரிவுரை என்றே சொல்லலாம்.

வார்டு இல்லாத பேராசிரியர்

ஹூஸ்டனின் பேலர் மருத்துவக் கல்லூரி அறுவை சிகிச்சைத் துறைத் தலைவர் பதவிக்கு அழைத்தபோது அவருக்கு வயது 40-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. போய்ப் பார்த்தார், மறுத்துவிட்டார். அந்தக் கல்லூரி 1943-ல்தான் டல்லாஸிலிருந்து ஹூஸ்டனுக்கு இடம் மாறியிருந்தது. முதலில் வகுப்புகள் நடந்தது சியர்ஸ் கம்பெனியின் பழைய கிடங்கு ஒன்றில். பின்னர் புதுக் கட்டடம் வந்துவிட்டது. ஆனால் தன் பொறுப்பில் பாடம் நடத்த வார்டு இல்லை, பயிற்சி மருத்துவர்களை உருவாக்கும் ஏற்பாடும் இல்லை. நோயாளி இல்லாமல் எப்படி அறுவை சிகிச்சை சொல்லிக்கொடுப்பது?

வார்டு தருகிறோம் என்று உறுதி சொன்ன பிறகு, 1948-ல் பதவியை ஏற்றார். சொன்னபடி எல்லாம் கைக்கு வந்துவிடவில்லை. கிளம்பிவிடலாமா என்றுகூட யோசித்தார். அந்த நேரத்தில் ஹூஸ்டனிலிருந்த கடற்படை மருத்துவமனை, முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையாக மாற்றப்பட்டது. போர்க்காலத்தில் வாஷிங்டனில் வேலை பார்த்த பழக்கம் கைகொடுத்தது. அதைக் கல்லூரியோடு இணைத்தார். ஏழைகள் வந்து படுக்கும் ஜெஃபர்சன் டேவிஸ் மருத்துவமனையும் பாட வார்டு ஆனது. அந்த வார்டுகள் கிடைத்த பிறகுதான் அவருடைய பெரிய அறுவை சிகிச்சைகள் ஒவ்வொன்றாக நடந்தன.

ஒரு கெஜம் டெக்ரான்

இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் சுவர் சிலருக்கு வலுவிழந்து, ஊதிய பலூன் மாதிரி புடைத்துக்கொள்ளும். அனியூரிசம் என்பார்கள். வெடித்தால் பெரும்பாலும் மரணம்தான். புடைத்த பகுதியை வெட்டியெடுத்துவிட்டு, இறந்தவர் உடலிலிருந்து எடுத்துப் பதப்படுத்திய தமனியை அங்கே தைப்பதுதான் அப்போதைய வழி. அப்படிப்பட்ட தமனி வேண்டிய நேரத்தில், வேண்டிய அளவில் கிடைக்காது. நாளடைவில் அதுவும் கெட்டுப்போகும்.

துணியால் குழாய் செய்தால் என்ன என்று டிபேக்கிக்குத் தோன்றியது. ஹூஸ்டனின் ஃபோலிஸ் துணிக்கடைக்குப் போய் நைலான் கேட்டார். நைலான் தீர்ந்துவிட்டது, டெக்ரான் என்று புதுசாக ஒரு துணி வந்திருக்கிறது, அது வேண்டுமா என்று கடைப்பெண் கேட்டார். தொட்டுப் பார்த்தார், பிடித்துப்போய் வாங்கிவந்தார். வீட்டில் மனைவியின் தையல் மெஷினில் உட்கார்ந்து, இரண்டு துண்டுகளை ஓரம் சேர்த்துத் தைத்தார். கீழே இரண்டாகப் பிரியும் கவட்டைக் குழாயும் தைத்தார், பெருந்தமனி அடிவயிற்றில் இரு கால்களுக்கும் பிரிகிற அதே வடிவத்தில். அம்மாவிடம் கற்ற தையல் வீண்போகவில்லை.

விலங்குகளில் சோதித்த பிறகு, 1954-ல் மனிதருக்குப் பொருத்தினார். நைலான் உடம்புக்குள் நாளடைவில் வலுவிழந்துவிடும் என்பது பின்னால் தெரியவந்தது. டெக்ரான் தாங்கியது, அதன் இழைகளின் இடைவெளியில் உடலின் திசு வளர்ந்து பற்றிக்கொண்டது. கடைப்பெண் நைலானை எடுத்துக் கொடுத்திருந்தால் கதை வேறாகியிருக்கலாம். அதிர்ஷ்டம் அந்த இடத்தோடு சரி. வீட்டு மெஷினில் தைத்தால் ஓரத்தில் தையல் வரும். ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்கும் அது எட்டாது. பிலடெல்ஃபியாவின் ஜவுளிக் கல்லூரியைச் சேர்ந்த தாமஸ் எட்மனைப் பிடித்தார். தையலே இல்லாத குழாயைப் பின்னும் இயந்திரம் உருவானது. 97 வயதில் டிபேக்கியின் பெருந்தமனியே கிழிந்து, 2006-ல் அறுவை நடந்தபோது, அவரிடம் பயின்ற ஜார்ஜ் நூன் உள்ளே வைத்துத் தைத்ததும் டெக்ரான் குழாயைத்தான்.

டெக்ரான் முயற்சி நடந்த அதே ஆண்டுகளில்தான், 1953 ஆகஸ்டில், 53 வயது பஸ் டிரைவர் ஒருவரின் கழுத்துத் தமனியைத் திறந்து அடைப்பைச் சுரண்டியெடுத்தார். அந்த மனிதர் அதற்குப் பிறகு பக்கவாதம் வராமல் 19 ஆண்டுகள் வாழ்ந்தார்.

நூலகம் முதல் பள்ளிக்கூடம் வரை

தியேட்டரில் புகழ் ஏற ஏற, வாஷிங்டனுக்கான பயணங்களும் கூடின. ராணுவத்தின் மருத்துவ நூலகம் இடப் பற்றாக்குறையில் சீரழிவதைப் போர்க்காலத்திலேயே பார்த்தவர் அவர். அதைத் தேசிய மருத்துவ நூலகமாக மாற்ற வேண்டும் என்று விடாமல் வாதாடினார். 1956-ல் சட்டம் வந்தது. இன்று சென்னையில் ஆய்வேடு எழுதும் முதுநிலை மாணவர் ‘பப்மெட்’டைத் திறக்கிறார் என்றால், அது அந்த நூலகத்தின் வாசல்.

1960-களின் இறுதியில் பேலர் கல்லூரியின் கஜானா காலி. வேகோ நகரில் இருந்த தாய்ப் பல்கலைக்கழகம் பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்தது. அரசுப் பணத்தை ஏற்பதில் சபைக்குத் தயக்கம். அரசுப் பணம் இல்லாமல் மருத்துவக் கல்லூரியை ஓட்ட முடியாது. 1969-ல் இரு தரப்பும் சம்மதித்துப் பிரிந்தன. தனித்து நின்ற கல்லூரிக்குத் தலைவர் டிபேக்கி. வயது 60.

அதே ஆண்டில் மாநில அரசுடன் ஓர் உடன்பாடு தயாரானது. டெக்சாஸுக்கு டாக்டர்கள் தேவை. புதுக் கல்லூரி கட்ட வருடங்கள் ஆகும். ‘எங்களிடம் படிக்கும் டெக்சாஸ் மாணவர்களுக்கு நீங்கள் பணம் கொடுங்கள், நாங்கள் இடங்களைக் கூட்டுகிறோம்’ என்பதுதான் சாரம். ஒரு வகுப்புக்கு 84 இடம் என்றிருந்தது, சில ஆண்டுகளில் 168 ஆயிற்று. 1971-ல் ரத்தக் கொழுப்பு ஆய்வாளர் ஆன்டோனியோ காட்டோவை அழைத்துவந்தார். தமனி அடைத்த பிறகு திறப்பவர், அடைக்காமலே பார்த்துக்கொள்ள வழி தேடும் ஒருவருக்கு இடம் கொடுத்தார். 1972-ல் ஹூஸ்டன் பள்ளி நிர்வாகத்துடன் சேர்ந்து, மருத்துவத் துறைக்குப் போக விரும்பும் பிள்ளைகளுக்காகவே ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி தொடங்கினார். இவ்வளவுக்கும் நடுவில் அறுவை சிகிச்சையை நிறுத்தவில்லை. விடிவதற்குள் எழுந்துவிடுவார்.

இதெல்லாம் ஒரு பக்கம். அவரிடம் பயிற்சி பெறுவது லேசுப்பட்ட காரியமல்ல. தீவிர சிகிச்சைப் பிரிவில் போடப்பட்ட பயிற்சி மருத்துவர், வாரக்கணக்கில் மருத்துவமனை வாசலைத் தாண்டக் கூடாது. சின்னத் தவறுக்கும் தியேட்டரிலேயே அர்ச்சனை விழும். வேலையை விட்டே அனுப்பப்பட்டவர்களும் உண்டு. திட்டு வாங்கியவர்களில் பலர் 1976-ல் அவர் பெயரால் சங்கம் கூட்டி, கடைசிவரை அவரைக் கொண்டாடினார்கள் என்பதும் உண்மை. தமனியைக் கிளாம்ப் போட்டு நிறுத்திவைத்திருக்கும் நிமிடங்களில் அறைக்குள் ஒரே குரல்தான் ஒலிக்க வேண்டும். ஆனால் கல்லூரி என்பது நாள் முழுக்கக் கிளாம்ப் போட்ட அறையல்ல. அங்கே சம பலமுள்ள இன்னொரு திறமைக்காரர் இருந்தால் என்ன செய்வது?

இருந்தார். ஹூஸ்டன் மண்ணின் மைந்தர், நெடிய உருவம், மின்னல் வேகக் கை: டென்டன் கூலி. 1951-ல் பேலருக்கு வந்து, டிபேக்கியோடு தோளோடு தோள் நின்று அனியூரிசங்களை வெட்டியவர். பிறகு பக்கத்து மருத்துவமனைக்குப் போய்த் தனிக்கடை போட்டாலும், கல்லூரிப் பேராசிரியர் பதவியை விடவில்லை.

டிபேக்கி தலைவரான அதே 1969-ல், ஏப்ரல் 4, புனித வெள்ளி. அவர் வாஷிங்டனில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். ஹூஸ்டனில் கூலி, சாகக் கிடந்த ஒரு நோயாளியின் இதயத்தை எடுத்துவிட்டு, உலகிலேயே முதன்முறையாக ஒரு செயற்கை இதயத்தை மனிதருக்குப் பொருத்தினார். அந்தக் கருவியை உருவாக்கிய டொமிங்கோ லியோட்டா, டிபேக்கியின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். தலைவருக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. கல்லூரியின் அனுமதியும் இல்லை.

உயிரைக் காக்கத் துணிந்த சர்ஜனாக அதைப் பார்ப்பதா, விதி மீறிய பேராசிரியராகப் பார்ப்பதா? சர்ஜன் டிபேக்கியும் தலைவர் டிபேக்கியும் ஒரே மனிதராக இருந்து பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது. அவர் சொன்ன பதில் இருவரின் பேச்சுவார்த்தையையும் சுமார் 40 ஆண்டுகளுக்கு அறுத்துப்போட்டது. அந்தச் சண்டை, அடுத்த வாரம்.

(தொடரும்)