மறுபதிப்பும் மூலபாடமும்

மூலபாடம் எது, பாடபேதம் எது என ஆராய்வது ஏட்டுச்சுவடி பயில்வார்க்கே உரிய பணி என நாம் கருதுகிறோம். ஏடு பெயர்த்தெழுதுவோர் பிழை செய்யலாம்; இசைத்தட்டு பிழை செய்யாது என்பது நம் எண்ணம். அவ்வெண்ணம் முற்றும் பொருந்தாது என்பதை இங்கிலாந்தின் பீட்டில்ஸ் என்னும் ராக் இசைக்குழுவினரின் வரலாறு காட்டுகின்றது.

நிமிடத்திற்கு 45 முறை சுழலும் ஏழு அங்குல இசைத்தட்டைச் 'சிங்கிள்' என்பர். பக்கத்திற்கு ஒரு பாடல் அதில் அமையும். இக்குழுவினர் ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் பார்லஃபோன் முத்திரையில் அளித்த முதல் சிங்கிளாகிய 'லவ் மீ டூ', 1962 அக்டோபர் 5ஆம் நாள் வெளிவந்து, பிரித்தானிய விற்பனை வரிசையில் 17ஆம் இடம் பெற்றது.

குழு 1970இல் பிரிந்தது. ஈ.எம்.ஐ.யுடன் கொண்ட ஒப்பந்தம் 1976ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் முடிவுற்றதும், அந்நிறுவனம் பழைய 22 சிங்கிள்களையும் புதிய உறையிட்டு ஒருசேர வெளியிட்டது. அவற்றுள் பல மீண்டும் விற்பனை வரிசையில் ஏறின. 1982இல், இருபதாம் ஆண்டு நிறைவையொட்டி வந்த 'லவ் மீ டூ' 4ஆம் இடத்தை எட்டியது. மறுவெளியீட்டின் வணிக நியாயம் எளிது: பதிவுச் செலவு முன்னரே முடிந்தது, கேட்போரோ புதிய தலைமுறையினர்.

ஆயின், மறுபதிப்பில் ஒலித்தது எந்தப் பதிவு? ஈண்டுதான் பாடபேதம் தலைகாட்டுகின்றது. 1962 செப்டம்பர் 4ஆம் நாள் பதிவில் முரசு வாசித்தவர் குழுவின் ரிங்கோ ஸ்டார். அதில் நிறைவடையாத பதிவுப் பொறுப்பாளர்கள், 11ஆம் நாள் ஆண்டி ஒயிட் என்னும் கலைஞரைக் கூலிக்கு அமர்த்தி மீண்டும் பதிந்தனர். அன்று ரிங்கோவின் கையில் இருந்தது, நம் கஞ்சிராவைப் போல் சதங்கை ஒலிக்கும் டாம்பரின் மட்டுமே. முதற் சிங்கிளில் வெளிவந்தது ரிங்கோவின் பதிவு. 1963இல் வந்த இசைத்தொகுப்பிலும், பின்னர் அச்சான சிங்கிள்களிலும் இடம்பெற்றது ஒயிட்டின் பதிவு. டாம்பரின் ஒலி கேட்பின் அது பிற்பாடம் என அறியலாம்.

முதற்பதிவின் மூல ஒலிநாடாவும் கிடைக்கவில்லை. ஆதலின், பிற்காலத்தார் நன்னிலையிலிருந்த பழைய இசைத்தட்டொன்றிலிருந்தே அதனைப் படியெடுக்க நேர்ந்தது. மூல ஏடு மறைந்தபின் படியைக் கொண்டு பதிப்பிப்பது போன்றதே இது.

2012இல், ஐம்பதாம் ஆண்டு நிறைவுக்கு, முதற்பதிப்பை அவ்வாறே மீண்டும் தருவதாக எண்ணிய நிறுவனம், ஒயிட்டின் பதிவைத் தட்டில் ஏற்றிவிட்டது. பிழை புலப்பட்டதும், அத்தட்டுகளைத் திரும்பப் பெற்று, ரிங்கோவின் பதிவுடன் திருத்தி வெளியிட்டது.

ஒரு முரசொலிக்காக இத்துணை முயற்சி வேண்டுமா எனச் சிலர் வினவலாம். வேண்டும் என்பதே நம் விடை. 'முதற்பதிப்பு' என உறையில் பொறித்துப் பிறிதொன்றை உள்ளே வைப்பின், வாங்குவோர் ஏமாறுவர். உழைத்த ஒருவரின் கைவினை மற்றொருவர் பெயரில் மறையும். ஒயிட்டின் பதிவும் இகழத்தக்கதன்று. அதனை அதற்குரிய பெயரோடு வழங்குவதே முறை. பழையதை மீண்டும் தருவோர்க்கு முதற்கடமை, தருவது இன்னதெனத் தெளிவாக உரைத்தல். நூற்பதிப்புக்கும் இசைப்பதிப்புக்கும் இவ்வறம் பொதுவாம்.