அண்ணன் பட்ட கடன்

2013 மார்ச் 16, சனிக்கிழமை காலை. அமெரிக்காவில் கார்ட்டூன் நெட்வொர்க்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்த பிள்ளைகள் கடைசியாகப் பார்த்தது இதைத்தான். ரேஸர் என்ற இளைஞன் விண்வெளியில் தன்னந்தனியாகப் பறந்துபோகிறான். அவன் நேசித்தவள் அழிந்துபோய்விட்டாள் என்று கூட இருந்தவர்கள் அத்தனை பேரும் சொல்லியாகிவிட்டது. அவன் நம்பவில்லை. தேடக் கிளம்பிவிட்டான். அவன் போன திசையிலேயே, அவனுக்குத் தெரியாமல், ஒரு சின்ன நீல மோதிரம் பின்தொடர்ந்து பறக்கிறது.

அவ்வளவுதான், தொடர் முடிந்தது. மோதிரம் அவன் விரலில் ஏறியதா என்று கேட்டால், பதில் சொல்ல அடுத்த வாரம் இல்லை.

தொடரின் பெயர் ‘கிரீன் லான்டர்ன்: தி அனிமேட்டட் சீரிஸ்’. முழுக்கக் கம்ப்யூட்டரில் உருவானது. மொத்தம் 26 அத்தியாயங்கள். 2011 நவம்பர் 11 அன்று ஒரு மணி நேரச் சிறப்புக் காட்சியாக எட்டிப்பார்த்தது. 2012 மார்ச்சில் வாராந்திரமாக ஓடத் தொடங்கியது. சரியாக ஒரு வருஷத்தில் மூட்டை கட்டிவிட்டார்கள். கதை சரியில்லையா, படம் சுமாரா, பார்க்க ஆள் இல்லையா என்று கேட்டால், இது எதுவும் முதல் காரணம் இல்லை. அண்ணன் ஊரெல்லாம் கடன் வாங்கிவிட்டுத் தலைமறைவானால், கடன்காரர்கள் தம்பி வீட்டுக் கதவைத்தானே தட்டுவார்கள்? அதுதான் இங்கேயும் நடந்தது.

அண்ணன் என்பது திரைப்படம். 2011 ஜூனில் ரயன் ரெனால்ட்ஸ் நடித்து, மார்ட்டின் கேம்பல் இயக்கி வெளியான ‘கிரீன் லான்டர்ன்’. ஏறக்குறைய 20 கோடி டாலர் செலவு. உலகம் முழுக்க வசூலானது 22 கோடி டாலரைச் சுற்றித்தான். அதில் தியேட்டர்காரர்களின் பங்கைக் கழித்து, விளம்பரச் செலவையும் கூட்டிப் பார்த்தால் எத்தனை பெரிய பள்ளம் என்பது புரியும். ரெனால்ட்ஸ் அணிந்திருந்த பச்சை உடை துணியே இல்லை, கம்ப்யூட்டரில் வரைந்து ஒட்டியது. அந்த உடையைக் கிண்டல் செய்யாத ஆள் இல்லை. அவரே பிற்பாடு ‘டெட்பூல் 2’ படத்தில், அந்தத் திரைக்கதையைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும் தன்னையே சுட்டுக் கொல்வதுபோல ஒரு காட்சி வைத்துத் தீர்த்துக்கொண்டார். அவருக்குச் சிரித்துவிட்டுப் போக முடிந்தது. பாவம், தொடருக்கு அந்த வசதி இல்லை.

சினிமா தோற்றால் டிவி தொடர் ஏன் சாக வேண்டும்? இங்கேதான் பொம்மைக் கடை வருகிறது.

அமெரிக்காவில் பிள்ளைகளுக்கான கார்ட்டூன் என்பது பாதி டிவி வியாபாரம், பாதி பொம்மை வியாபாரம். 1982-ல் மேட்டல் கம்பெனி ‘ஹீ-மேன்’ பொம்மைகளைக் கடைக்கு அனுப்பியது. கார்ட்டூன் வந்தது அடுத்த வருஷம். அதாவது பொம்மை முதலில், கதை பிறகு. ரீகன் ஆட்சியில் ஒளிபரப்பு விதிகள் தளர்ந்ததும் இந்த வழி இன்னும் அகலமாயிற்று. 1984-ல் ஹாஸ்ப்ரோவின் ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ வந்தது. அரை மணி நேர விளம்பரம் என்று பெற்றோர் அமைப்புகள் கொதித்தன. பிள்ளைகளோ உண்டியலை உடைத்தார்கள். ஒளிபரப்பும் சேனல் தரும் பணம் மட்டும் பல தொடர்களின் தயாரிப்புச் செலவுக்குப் போதாது. மிச்சத்தைப் பொம்மைதான் இழுத்துவர வேண்டும் என்பது அதற்குப் பிறகு எழுதாத சட்டமாகவே ஆகிவிட்டது.

இப்போது 2011 கோடையில் ஒரு பொம்மைக் கடையை நினைத்துப் பாருங்கள். படம் வருவதற்கு முன்பே பெட்டி பெட்டியாகப் பச்சை பொம்மைகள் வந்து இறங்கியிருக்கின்றன. அட்டையில் ஒட்டி, மேலே பிளாஸ்டிக் மூடி போட்டு, கொக்கியில் வரிசையாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். படம் படுத்துவிட்டது. முன்னால் தொங்குவதை யாராவது வாங்கினால்தானே பின்னால் இருப்பதற்கு வெளிச்சம் கிடைக்கும்? விலையைக் குறைத்தும் நகரவில்லை. அந்த நேரத்தில் ஒருவர் வந்து, ‘கிரீன் லான்டர்ன் கார்ட்டூன் வருகிறது, அதற்கும் பொம்மை போடலாமா’ என்று கேட்டால் கடைக்காரர் என்ன சொல்வார்? கும்பிடு போட்டு அனுப்பிவிடுவார். தொடரின் சூத்திரதாரி புரூஸ் டிம் பின்னாளில் இதை மறைக்காமல் சொன்னார்: படத்தின் பொம்மைகள் தேங்கிக் கிடந்ததால், தொடரின் பொம்மைகளை வாங்கிப்போட கடைகள் தயாராக இல்லை. பொம்மை இல்லையென்றால் பணம் இல்லை. பணம் இல்லையென்றால் இரண்டாம் பருவம் இல்லை.

புரூஸ் டிம் லேசுப்பட்ட ஆள் இல்லை. 1992-ல் ‘பேட்மேன்: தி அனிமேட்டட் சீரிஸ்’ மூலம் டிவி கார்ட்டூனின் முகத்தையே மாற்றியவர்களில் ஒருவர். அகன்ற தோள், சிறுத்த இடை, நாலைந்து கோட்டில் முடிந்துவிடும் முகம் என்று அவர் பென்சிலுக்கு ஒரு தனி நடை உண்டு. காகிதத்தில் வாழ்ந்த மனிதர் முதல்முறையாகக் கம்ப்யூட்டர் அனிமேஷன் தொடர் ஒன்றைக் கையில் எடுத்தார். கூடவே ஜியான்கார்லோ வோல்பே, ஜிம் கிரீக் என்று இரண்டு தயாரிப்பாளர்கள். விளம்பரப் படங்கள் வந்தபோது பலருக்கு முகம் சுளித்தது. பிளாஸ்டிக் பொம்மை மாதிரி இருக்கிறது என்றார்கள். பொம்மைக்காகச் செத்த தொடரைப் பார்த்து இப்படியா சொல்ல வேண்டும்!

உண்மையில், கம்ப்யூட்டர் அனிமேஷனில் ஒவ்வொரு பாத்திரமும் ஒரு பொம்மலாட்டப் பொம்மைதான். கையால் வரைகிற கார்ட்டூனில் சந்தைக் கூட்டம் வேண்டுமென்றால், ஓவியர் இருபது முகங்களைக் கிறுக்கிப்போட்டு நகர்ந்துவிடலாம். இங்கே அது நடக்காது. ஒவ்வோர் ஆளுக்கும் உடல் வடிவம் செய்து, உள்ளே எலும்பும் மூட்டும் பூட்டி, தோலுக்கு நிறம் ஏற்றி, அதன் பிறகுதான் அசைக்கவே முடியும். புது ஆள் என்றால் புதுச் செலவு. புது ஊர் என்றால் அதைவிடப் பெரிய செலவு. ஆகவே டிவி பட்ஜெட்டில் கூட்டம் காட்ட முடியாது. திரும்பத் திரும்ப அதே ஆட்கள், அதே இடம்.

இந்தக் கஞ்சத்தனம்தான் தொடரைக் காப்பாற்றியது என்பது என் எண்ணம். ஆயிரக்கணக்கான பச்சை வீரர்கள் கொண்ட படையின் கதையை, ஒரு கப்பலுக்குள் நாலு பேர் என்று சுருக்கிவிட்டார்கள். சொன்ன பேச்சைக் கேட்காத பைலட் ஹால் ஜோர்டன். பாறையை உருட்டி நிறுத்தியது போன்ற பயிற்சியாளர் கிலோவாக். எதிரிப் படையிலிருந்து பிடிபட்ட ரேஸர். கப்பலை ஓட்டும் செயற்கை அறிவு. கூட்டம் இல்லாத எல்லைப்புற வானம். ஓடி ஒளிய இடமில்லை, ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்தே ஆக வேண்டும். கூட்டுக் குடும்பம் மாதிரி.

அந்தச் செயற்கை அறிவின் பெயரைத் தமிழில் எழுதுவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. ‘ஆயா’ என்றால் பாட்டி ஞாபகம் வரும், ‘ஐயா’ என்றால் தமிழ் வாத்தியார் வந்து நிற்பார். நான் ‘அயா’ என்றே எழுதிவிடுகிறேன்.

இந்தக் கதை உலகத்தில் மோதிரத்தின் ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் உணர்ச்சி. பச்சை மன உறுதி, சிவப்பு சினம், நீலம் நம்பிக்கை. ரேஸர் வருவது சிவப்பு மோதிரத்தோடு. போரில் மனைவி இலானாவைப் பறிகொடுத்தவன். அந்த வெறியை அட்ரோசிட்டஸ் என்ற தலைவன் தன் படைக்கு ஆள் சேர்க்கப் பயன்படுத்திக்கொண்டான். கதை தொடங்கும்போது ரேஸரின் கையில் குற்றத்தின் கறை இருக்கிறது, அவனே தண்டனை கேட்கிறான். சனிக்கிழமை காலைக் கார்ட்டூனில் இப்படி ஒருவனா என்று நிமிர்ந்து உட்கார வைத்த இடம் அது.

வெறும் குரலாக இருந்த அயா, ஒரு கட்டத்தில் தனக்கென்று ஓர் உடலைச் செய்துகொள்கிறாள். முகத்துக்கு மாதிரி எங்கே எடுத்தாள்? ரேஸரின் நினைவிலிருந்து. செத்துப்போன மனைவியின் சாயலில் ஓர் இயந்திரம் எதிரில் நின்றால் அவன் என்ன ஆவான்? அவளுக்கு அவன்மேல் காதல் வருகிறது. அவனுக்கும் வருகிறது. ஆனால் அவள் வாய்விட்டுக் கேட்கும் நேரத்தில் அவன் இல்லை என்று சொல்லிவிடுகிறான். அவள் அழவில்லை, கத்தவில்லை. உணர்ச்சிகளை அணைத்துவிடுகிறாள், விளக்கை அணைப்பதுபோல. அதுவரை அகில உலகத்துக்கும் எமனாக இருந்த ஆன்டி-மானிட்டரின் தலையைத் துண்டித்து, அவனுடைய இயந்திரப் படைக்குத் தானே தலைவியாகிறாள். இரண்டாம் பாதியின் வில்லன் வெளியே இருந்து வரவில்லை, கப்பலுக்குள் நம்மோடு உட்கார்ந்திருந்தவள்தான். கடைசியில் தன் படையோடு தன்னையும் அழித்துக்கொள்கிறாள். ரேஸருக்கு ஜேசன் ஸ்பிஸாக்கும் அயாவுக்கு கிரே டிலைலும் கொடுத்த குரல்களை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால்கூடப் போதும்.

சேனல் இதை நடத்திய விதம் வேறு கதை. 2012 அக்டோபரில், புது அத்தியாயம் வரும் என்று சொல்லிவிட்டு, சட்டென்று நிறுத்திவிட்டார்கள். மறுபடி வந்தது ஜனவரியில். பக்கத்து நாற்காலியில் இருந்த ‘யங் ஜஸ்டிஸ்’ தொடருக்கும் இதே கதிதான். அதற்கும் பொம்மைப் பணம் நின்றுபோயிருந்தது. இரண்டுக்கும் ஒரே நாளில், அதே மார்ச் 16 காலையில், சுபம் போட்டார்கள். அந்த வருஷமே வந்த ‘பிவேர் தி பேட்மேன்’, அதுவும் கம்ப்யூட்டர் அனிமேஷன்தான், பதினோரு அத்தியாயத்தோடு நேரப்பட்டியலிலிருந்து காணாமல் போனது. மிச்சத்தை அடுத்த வருஷம் ராத்திரி நேரத்தில் காட்டித் தீர்த்தார்கள்.

‘யங் ஜஸ்டிஸ்’ தப்பிப் பிழைத்தது. இணையத்தில் ரசிகர்கள் விடாமல் பார்த்துக்கொண்டே இருந்ததால், 2019-ல் ஓடிடி தளத்தில் மீண்டும் வந்தது. கிரீன் லான்டர்னுக்கு அப்படி யாரும் உயிர் கொடுக்கவில்லை. ஆனால் 2022-ல், ‘யங் ஜஸ்டிஸ்’ நான்காம் பருவத்தில், அழைக்காத விருந்தாளியாக ஒருவன் வந்து இறங்கினான். இப்போது கம்ப்யூட்டர் பொம்மையாக அல்ல, கோட்டுச் சித்திரமாக. குரல் அதே ஜேசன் ஸ்பிஸாக். ஒன்பது வருஷம் வானத்தில் திரிந்திருக்கிறான். பழைய சிவப்பு மோதிரத்தோடு நீல மோதிரமும் கையில் இருக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன. அயாவை இன்னும் கண்டுபிடிக்கவில்லை. எங்கேயாவது பார்த்தீர்களா என்று அடுத்த தொடரின் ஆட்களிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.