கணிப்பொறிக் கூடமும் எங்கள் முறையும்

எங்கள் வகுப்பில் 48 பேர். கணிப்பொறி அறையிலோ ஓடுகின்ற பொறிகள் 12. பாடவேளை 45 நிமிடம். நால்வருக்கு ஒன்று என்று பங்கிட்டால் ஒருத்தியின் கை விசைப்பலகையின்மேல் இருக்கக்கூடிய நேரம் 11 நிமிடம்தான். அதிலும் வீட்டில் கம்ப்யூட்டர் உள்ள தோழி கடகடவென்று அடித்து முடித்துவிடுவாள். மற்ற மூவரும் கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்ப்போம். சண்டை முற்றியதும் நாங்கள் ஒரு நோட்டுப் போட்டு, வயலுக்குத் தண்ணீர் முறை வைப்பதுபோல, யாருக்கு எப்போது என்று எழுதி வைத்துக்கொண்டோம்.

பொங்கல் விடுமுறைக்கு எங்கள் தெருவுக்கு வந்திருந்த ஓர் அக்காவிடம் இந்த நோட்டைப் பற்றிச் சொன்னோம். அவர்கள் பல்கலைக்கழகத்தில் கணிப்பொறி அறிவியல் படிக்கிறார்கள். “உங்க சண்டைதாண்டி இன்டர்நெட்டையே உண்டாக்கிச்சு” என்று சிரித்தார்கள். கேலி என்றுதான் முதலில் நினைத்தோம். திண்ணையில் உட்கார்ந்து அவர்கள் விளக்கியதையும், பிறகு நாங்கள் படித்தறிந்ததையும் இங்கே தருகிறோம்.

முற்காலத்தில் ஒரு பல்கலைக்கழகத்திற்கு ஒரு கணிப்பொறி இருந்தாலே பெரிது. கான்பூர் ஐ.ஐ.டி.க்கு 1963இல் ஐ.பி.எம். 1620 வந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் 1973இல் ஐ.பி.எம். 370/155 நிறுவப்பட்டது. சென்னைப் பொறியைப் போல அறையை நிறைக்கும் பெரிய பொறிகளின் அருகே மாணவர்கள் உட்கார முடியாது. நிரலின் ஒவ்வொரு வரியையும் ஓர் அட்டையில் துளையிட வேண்டும். ஓர் அட்டையில் 80 எழுத்துக்குமேல் கொள்ளாது. அட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால், அச்சிட்ட தாளில் விடை வரும். ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருந்தால் விடைக்குப் பதில் பிழை வரும். மீண்டும் அட்டை, மீண்டும் வரிசை! அட்டைக் கட்டு கைதவறி விழுந்து வரிசை கலைந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். எங்கள் 11 நிமிடம் அரச வாழ்வு அன்றோ?

இந்தக் காத்திருப்பைக் குறைக்கக் கண்ட வழி நேரப் பகிர்வு. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் 1961இல் கோர்பாட்டோ என்பவரும் அவருடைய குழுவினரும் இதைச் செய்து காட்டினர். ஒரே பொறி, ஒருவருக்கு ஒரு நொடியில் சிறு பங்கு, அடுத்தவருக்கு அடுத்த பங்கு என்று மின்னல் வேகத்தில் சுற்றி வரும். மனிதர் யோசிக்கும் இடைவெளியில் பொறி மற்றவருக்கு வேலை செய்துவிடுவதால், ஒவ்வொருவருக்கும் பொறி தமக்கே உரியது என்று தோன்றும். இதுவும் முறை நோட்டுத்தான். எழுதுவது மட்டும் பொறி.

அடுத்து, ஓர் ஊரிலுள்ள பொறியை வேறோர் ஊரிலிருந்து பயன்படுத்தினால் என்ன என்று எண்ணினர். அதற்காக அமைந்ததே ‘ஆர்ப்பாநெட்’. 1969 அக்டோபர் 29ஆம் நாள், லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழக மாணவர் சார்லி கிளைன் மற்றோர் ஊரின் பொறிக்கு ‘லாகின்’ என்று அனுப்ப முயன்றார். ‘எல்’, ‘ஓ’ என்று இரண்டு எழுத்துப் போனதும் அந்தப் பொறி நின்றுவிட்டது! நாங்கள் ஒவ்வொரு வகுப்பிலும் முதலில் காணும் சொல்தான் வலையில் போன முதல் சொல்லும்.

நம் நாட்டில் 1986இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு ‘எர்நெட்’ தொடங்கியது. அதில் முதலில் சேர்ந்த எட்டு நிறுவனங்களில் சென்னை ஐ.ஐ.டி.யும் ஒன்று. 1989இல் அமெரிக்காவோடு இணைத்த கம்பியின் வேகம் விநாடிக்கு 9600 பிட்டு, அதாவது 1200 பைட்டு. 30 இலட்சம் பைட்டுள்ள ஒரு புகைப்படத்தை அதில் அனுப்பினால் ஏறத்தாழ 42 நிமிடம் ஆகும் என்று நாங்கள் கணக்கிட்டோம். ஒரு படத்துக்கு ஒரு பாடவேளை! பொதுமக்களுக்கு இன்டர்நெட் 1995 ஆகஸ்டு 15இல்தான் வந்தது.

இன்று அக்காவின் துறையில் எப்படி? ஒவ்வொருவருக்கும் ஒரு பயனர் பெயரும் பாஸ்வேர்டும் உண்டு. கோப்புகள் மேசைப் பொறியில் இருப்பதில்லை. வேறோர் அறையிலுள்ள சர்வரில் இருக்கின்றன. ஆகையால் எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் தம் வேலை விட்ட இடத்தில் காத்திருக்கும். ஒவ்வொரு மேசையிலிருந்தும் ஒரு கேபிள் மூலையிலுள்ள ஸ்விட்ச் என்னும் பெட்டிக்குப் போகிறது. எந்தச் செய்தி எந்தப் பொறிக்கு உரியது என்று பார்த்து அனுப்புவது அதன் வேலை. தேர்வு நாளில் வெளி இணைப்பை நிறுத்திவிடுவார்களாம். துறைக்குள் உள்ள இணைப்பு மட்டும் இருக்கும். (எங்கள் பக்கம் சாரல் காற்றில் மின்சாரம் போனால் யு.பி.எஸ். கத்தும், அதுவும் பத்து நிமிடம்தான்.)

அக்கா கடைசியாகச் சொன்னதுதான் எங்கள் மனத்தில் தைத்தது. அவர்கள் சேர்ந்த ஆண்டில் ஆய்வுக்கூடம் இரவு ஒன்பது வரை திறந்திருக்கும். பெண்கள் விடுதிக் கதவோ ஏழுக்கே சாத்தப்படும். நாளுக்கு இரண்டு மணி, வாரத்தில் ஆறு நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் மாணவர்களுக்கு மட்டும் கிடைத்தது. “கட்டணம் எல்லாருக்கும் ஒண்ணுதான்” என்றார்கள். மறு ஆண்டு வலை இணைப்பு விடுதிக்கும் வந்தது. கதவு சாத்தியபின்னும் அறையிலிருந்தே சர்வருக்குள் நுழையலாம். கணக்கீடு முழுவதையும் சர்வர் செய்ய, கம்பியில் எழுத்துகள் மட்டும் போய்வரும். ஆதலால் பழைய மடிக்கணிப்பொறியே போதும். கதவு நேரம் மாறவில்லை என்பதையும் அக்கா சொல்லாமல் விடவில்லை.

“அப்படியானால் வீட்டிலிருந்து பள்ளிப் பொறிக்குள் நுழையலாமா?” என்று எங்கள் டீச்சரிடம் கேட்டோம். மாலையில் மெயின் சுவிட்சை அணைத்துவிடுவதால் அது இயலாது என்றார்கள். சற்று யோசித்து, புதன்கிழமை மதிய உணவு வேளையில் அறையைத் திறந்து வைப்பதாகச் சொன்னார்கள். நோட்டில் புதன் என்று புதுப் பத்தி போட்டிருக்கிறோம். அதில் முதல் பெயர், அனுமன் நதிப் பக்கத்திலிருந்து நடந்து வருகிற எங்கள் தோழியுடையது. இதுவரை ஒரு நாளும் அவள் விசைப்பலகையைத் தொட்டதில்லை.